கருப்பையா பராக்!

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: கத்துவது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பாட்டுக்காரன் பாடிச் சம்பாதிக்கிறான், வக்கீல் பேசிச் சம்பாதிக்கிறார், நான் கத்திச் சம்பாதித்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. ஓர் ஆட்டுத் திருடனுக்கு ராஜ மரியாதை செய்து, அதனாலேயே அவனை ஜெயிலுக்கும் அனுப்பி, புதிதாகக் கிடைத்த உத்தியோகத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொலைத்துவிட்டு வந்தேன் பாருங்கள், அதைத்தான் இத்தனை வருஷமாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். (வெளியில்தான். வீட்டுக்குள் அது என்றைக்கோ சந்தி சிரித்துவிட்டது.)

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் நான் அரண்மனையில் கட்டியக்காரன். மகாராஜா தர்பாருக்கு வரும்போது, வெள்ளிப் பூண் போட்ட தடியால் தரையில் மூன்று தரம் தட்டி, "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, ராஜ கம்பீர..." என்று ஆரம்பித்து, பட்டங்களை ஒன்று விடாமல் சொல்லி, "பராக்! பராக்!" என்று முடிக்க வேண்டும். பராக் என்றால் கவனம், ஆள் வருகிறார், ஒழுங்காக நில்லுங்கள் என்று அர்த்தம். மகாராஜாவுக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஆகவே அவருக்கு முன்னால் போகிற நான், தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கமாகவே நடந்து போவேன். பத்து வருஷம் இப்படி நடந்ததில், கடைத்தெருவில் முன்பக்கமாக நடக்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதை தெரியாத ஜனங்களாகத் தோன்ற ஆரம்பித்தது.

தொண்டைக்கு நான் கொடுத்த ராஜபோகம் மகாராஜாவுக்கே கிடைத்திருக்காது. காலையில் மிளகுப் பால், மத்தியானம் தேன், மழை பெய்தால் கழுத்தில் கம்பளித் துணி. நான் கத்தாவிட்டால் ராஜாவுக்கே தான் ராஜா என்பது மறந்துபோகும் என்று உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு திமிர்.

1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊரெல்லாம் கொடி. நானும் ஒரு காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு கீழராஜவீதியில் நடந்தேன். ராஜா இல்லையென்றால் கட்டியம் எதற்கு என்ற சின்ன விஷயம் எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. யார் மேல் கோபப்படுவது? சுதந்திரத்தின் மேல் கோபப்பட முடியுமா? வெள்ளித் தடியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் அதைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு வேலை தேடும் படலம். ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். முதலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"இதுக்கு முந்தி என்ன செஞ்சீக?"

"கட்டியமுங்க."

"கட்டடமா? நல்லதாப் போச்சு. பின்னாடி செவரு ஒண்ணு விழுந்து கெடக்கு, வாங்க."

(கத்துவதையே பிழைப்பாகக் கொண்டவன் சொன்னது ஒரு மனுஷனுக்குக் கேட்கவில்லை என்றால், அந்தத் தொண்டை இருந்தென்ன, போயென்ன?) அன்றைக்குச் சாயந்திரம் வரை செங்கல் சுமந்தேன். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை.

நாங்கள் குடியிருந்தது அரண்மனைச் சிப்பந்திகளுக்கான வீடு. வைகாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஒரு வேலை அமையாவிட்டால் என் மனைவி வள்ளிக்கண்ணு இரண்டு பெண் குழந்தைகளோடு மணமேல்குடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நான் எங்கேயாவது ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். தெருவில் யாராவது அவளிடம் "என்ன ஆத்தா, ஊருக்குப் போறியாமே?" என்று கேட்டால் உள்ளே வந்து பாத்திரத்தை ஓசையோடு கழுவுவாள். கல்யாணமாகி வந்த ஊரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதைவிடக் கேவலம் அவளுக்கு வேறு கிடையாது.

வழி காட்டியது அவளுடைய அண்ணன் ராமையா. டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒருநாள் வேகுவேகென்று வந்தார்.

"மாப்பிள்ளை, கோர்ட்டுல டவாலி வேலை காலியா இருக்கு. வெள்ளைச் சட்டை, குறுக்கே செவப்புப் பட்டை, நெஞ்சுல பித்தளை வில்லை. வாசல்ல நின்னுக்கிட்டு ஆளுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். ஒங்களுக்குன்னே செஞ்ச வேலை. ஒரு மாசம் பார்ப்பாங்க, சரியாயிருந்தா நிரந்தரம்."

"எப்படிக் கூப்பிடணும் மச்சான்?"

"வெறும் பேரு. மூணு தடவை. மூணாவது தடவைக்கும் ஆள் வரலேன்னா உள்ள போயி 'ஆஜரில்லை'ன்னு சொல்லிறணும். எழுதிக்கிருவாக. அம்புட்டுத்தான்."

வள்ளிக்கண்ணு கதவோரத்தில் நின்று கேட்டாள்: "ரெண்டு தடவையோட நிப்பாட்டிட்டா?"

"அது கணக்குல சேராது ஆத்தா. மூணாவது கூப்பாடு முடியுற மட்டும் ஆள் வந்துருவாருன்னுதான் அர்த்தம்."

சுலபமான வேலை என்றுதான் எனக்கும் பட்டது. கொல்லையில் நின்று ஒத்திகை பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. வெறும் பேர் என் வாயில் வரவில்லை! முனியாண்டி என்று சொல்ல வாயைத் திறந்தால் "ஸ்ரீமான் முனியாண்டி அவர்கள்" என்று வருகிறது. ஸ்ரீமானை விழுங்கினால் "மகாராஜராஜஸ்ரீ" வருகிறது. குழந்தைகள் இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கின்றன.

வள்ளிக்கண்ணு பார்த்தாள். "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுங்க. எனக்கு என்ன பட்டமா கட்டி வச்சிருக்கு?" என்றாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பேன், அவசரமென்றால் "ஏ புள்ள" என்பேன். அந்தக் காலத்தில் யார்தான் கூப்பிட்டார்கள்? கூச்சம் பிடுங்கித் தின்றது. கிணற்றைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுப்பாக, "வள்ளிக்கண்ணு" என்றேன்.

"எனக்கே கேக்கலை. கோர்ட்டுல யாருக்குக் கேக்கும்?"

"வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு!"

"ஆஜர்!" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. ஒரு வாரம் இதே ஒத்திகை. தண்ணீர் வேண்டுமென்றால் வள்ளிக்கண்ணு மூன்று தரம், வெற்றிலை வேண்டுமென்றால் மூன்று தரம். ஒவ்வொரு தரமும் "ஆஜர்" என்பாள். வேலை போன அந்த மூன்று மாதத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

கோர்ட்டில் முதல் நாள். பட்டையும் வில்லையும் எனக்கு எடுப்பாகவே இருந்தன. மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். பெஞ்சு கிளார்க் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். முதல் கேஸ், ஆட்டுத் திருட்டு. எதிரி பெயர் கருப்பையா, நார்த்தாமலைப் பக்கத்து ஆள். அவனுக்கு வக்கீல் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ராமையா மச்சானுடைய முதலாளியேதான். ஆட்டைக் கருப்பையா பிடித்ததை யாரும் பார்க்கவில்லை, அது தானாகவே அவன் பின்னால் வந்துவிட்டது என்பது வக்கீலின் கட்சி. ஆடும் சாட்சியாக வெளியே வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது.

நான் வாசற்படியில் நின்று, "கருப்பையா, கருப்பையா, கருப்பையா" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சுத்தமாக வந்தது. ஸ்ரீமான் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து மாஜிஸ்திரேட் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி நகரும் சத்தம் அடங்கி, இருமல் அடங்கி, ஒரு நிசப்தம் விழுந்தது.

அந்த நிசப்தம்தான் என்னைக் கெடுத்தது. பத்து வருஷமாக அந்த நிசப்தம் விழுந்ததும் வாயைத் திறந்தவன் நான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், தர்பார் பழக்கம் கோர்ட்டு மட்டுமாவது வராதா? என் கை தானாகத் தடியைத் தேடிற்று. கதவோரம் யாரோ வக்கீல் சாத்தி வைத்திருந்த குடை அகப்பட்டது. தரையில் மூன்று தட்டு. அப்புறம் எனக்கே கேட்டது, என் குரல்:

"ராஜாதி ராஜ! ராஜ மார்த்தாண்ட! ராஜ கம்பீர! ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ கருப்பையா அவர்கள் வருகிறார்! பராக்! பராக்!"

வராந்தாவில் குந்தியிருந்த ஜனம் பூராவும் எழுந்தது. பீடிகள் அணைந்தன. ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கருப்பையாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பழைய சமஸ்தானத்து ஆள், பாவம். கயிறு பிடித்த கையோடேயே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கருப்பையாவின் கையும் கூடவே மேலே போயிற்று.

இத்தோடு நின்றிருந்தாலாவது பிழைத்திருப்பேன். கருப்பையா உள்ளே அடியெடுத்து வைத்தான். நான் தலையைக் குனிந்து, அவனைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். ஆட்டுத் திருடனுக்கு முகத்தையும் மாஜிஸ்திரேட்டுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, கோர்ட் நடுவே போனேன். மாஜிஸ்திரேட் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றாராம். என் முதுகு அவர் மேஜையில் இடித்தது. மைக்கூடு கவிழ்ந்தது. வெள்ளைச் சட்டையில் ஊதா மை. வெளியே ஆடு கத்திற்று.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நான் முழித்தேன். திருடன் சாதாரணமாகத்தான் நின்றான்.

"யாரய்யா நீ?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அரண்மனைக் கட்டியக்காரனுங்க." சொன்ன பிறகுதான் தப்பு தெரிந்தது. "இருந்தவனுங்க" என்று சேர்த்தேன். அந்த வார்த்தையை முதல் தடவையாக அன்றைக்குத்தான் சொன்னேன்.

"ராஜா காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு, தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க. தொண்டைக்குத்தான் இன்னும் தெரியலைங்க."

நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் முகம் கறுத்தது. அப்போதுதான் கூண்டில் ஏறி நின்ற கருப்பையா கையைக் கூப்பினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"எசமான், பொறந்ததுலேர்ந்து என்னைய 'டேய்'னுதான் கூப்பிட்டிருக்காக. இன்னைக்குத்தான் ஒரு மனுசன் மருவாதியாக் கூப்பிட்டாரு. இதுக்கு மேல பொய் சொன்னா நல்லாருக்காது. ஆடு தானா வரலைங்க. நாந்தான் புடிச்சுக்கிட்டுப் போனேன். வீட்டுல மூணு நாளா அடுப்பு எரியலைங்க."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற ராமையா மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கும் மறக்கவில்லை. கருப்பையாவுக்கு மூன்று மாதம். எனக்கு அந்த நிமிஷமே சீட்டுக் கிழிந்தது. பட்டையையும் வில்லையையும் கழற்றி வைத்தேன். குடையையும் இருந்த இடத்தில் சாத்தினேன். வாசலில் கருப்பையாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிறபோது என்னைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குத் திருப்பிக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

வீட்டில் வள்ளிக்கண்ணு பாசிப்பருப்புப் பாயசம் வைத்திருந்தாள், முதல் நாள் உத்தியோகத்துக்காக. இந்த நேரத்தில் வந்து நிற்கிற என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். குடை என்றதும் சிரித்தாள். சல்யூட் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆட்டுக்கார மகாராசாவா!" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பாயசம் அப்படியே ஆடை கட்டிப் போயிற்று.

வைகாசி முடிந்தது. அறந்தாங்கி பஸ்ஸில் டிரங்குப் பெட்டியை ஏற்றி, பெரியவளை உட்கார வைத்தேன். அறந்தாங்கியில் இறங்கி மணமேல்குடிக்கு வேறு பஸ் மாற வேண்டும். சின்னவள் தண்ணீர் தண்ணீர் என்று அழ, வள்ளிக்கண்ணு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பஸ் நகர்கிறது, பெரியவள் ஜன்னலில் "அம்மா, அம்மா" என்று அலறுகிறாள், இவளைக் காணவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

"வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு!"

பஸ் ஸ்டாண்டே கப்சிப். டிரைவர் பயந்துபோய் பிரேக்கைப் போட்டார். அத்தனை கூட்டத்துக்கும் பின்னாலிருந்து, "ஆஜர்! இந்தா வாரேன்!" என்று ஒரு குரல். எல்லோரும் சிரிக்க, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "இன்னைக்குப் பட்டம் ஒண்ணும் வரலை. சரியாத்தான் கூப்பிட்டீங்க" என்றாள். கொஞ்ச நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா அந்தக் குரல்! கோர்ட்டில் வராமல், அவளை ஊருக்கு அனுப்புகிற அன்றைக்கு வந்து தொலைத்தது.

பஸ் போயிற்று. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. முதுகைக் காட்ட மனசு வரவில்லை. அந்தப் பஸ்ஸையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். கண்ணில் நீர் மறைத்தது. இரண்டாவது தடவையாக என் முதுகு ஒரு மேஜையில் இடித்தது. இந்த மேஜை பஸ் முதலாளியின் ஏஜெண்டுடையது. மை கொட்டவில்லை, டீதான் கொட்டியது.

"இப்பக் கூப்பாடு போட்டது நீர்தானா?" என்றார் அவர். திட்டப் போகிறார் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன். "நம்ம பஸ்ஸுக்கு ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேணும். இங்கிட்டு நிக்கிறீரா?"

ஊர்களுக்குப் பட்டம் கிடையாது, தப்பித்தேன். "நார்த்தாமலை, கீரனூர், திருச்சி! நார்த்தாமலை, கீரனூர், திருச்சி!" என்று அன்றைக்கு ஆரம்பித்தவன் பதினாறு வருஷம் அதே இடத்தில் நின்று கத்தினேன். ஆனால் ஒரு வீடு பார்த்து வள்ளிக்கண்ணுவையும் குழந்தைகளையும் திருப்பிக் கூட்டி வரப் பதினோரு மாதம் ஆயிற்று. வந்தபோது சின்னவள் என்னைப் பார்த்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அதற்கு நான் யாரைக் குறை சொல்ல?

கருப்பையாவும் ஒருநாள் பஸ் ஏற வந்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவனே தேடி வந்தான்.

"என்னாலதானப்பா நீ உள்ள போனே" என்றேன்.

"ஆட்டைப் புடிச்சது நானு, ஒங்களுக்கு என்னங்க?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். "அந்தப் பட்டமெல்லாம் வீட்டுல சொன்னேன். அவ நம்ப மாட்டேங்கிறா. ஒருநா நீங்க வந்து சொல்லணும்." வருகிறேன் என்றேன். போகவில்லை. போயிருக்கலாம்.

எங்கள் வீட்டில் "ஆஜர்" நிலைத்துவிட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஆஜர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆஜர். பெண்கள் கல்யாணமாகிப் போன வீடுகளிலும் அதைப் பரப்பிவிட்டார்கள். கீரனூர்ச் சம்பந்தி ஒருநாள், "ஒங்க வீட்டுல எல்லாருக்கும் கோர்ட்டு கேஸு இருக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டார். வள்ளிக்கண்ணுவும் கடைசி வரை விடவில்லை. நான் கொஞ்சம் அதிகாரமாகப் பேசினால் போதும், அடுப்படியிலிருந்து "ஆட்டுக்கார மகாராசா பராக்!" என்று குரல் வரும்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில், "வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு!" என்று கூப்பிட்டுவிட்டேன். பெண்கள் இரண்டும் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டன. நான் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுகிறேன். இரண்டு தடவை. பெரியவள் பேரன் பேத்திகளிடம், "கோர்ட்டுல அரை நாள் வேலை பாத்தவருல்ல, ஒங்க தாத்தாவுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாது" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். எனக்கு எண்ணத் தெரியும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டால் ஆஜரில்லை என்று எழுதிவிடுவார்களே.